தாட்பூட் பூவும் வாளலகுச் சிட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 34 வருஷத்துக்கு முன்னால் நான் தப்பாக நடத்திய ஒரு பாடத்தை இன்று திருத்தி எழுதப் போகிறேன்.

நான் சமவெளிக்காரி. கோபி பக்கம் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தேன். 1987-ல் இடைநிலை ஆசிரியை ஆணை கைக்கு வந்தபோது, ஊர்ப் பெயரைப் பார்த்து என் அம்மா அழுதே விட்டார். நீலகிரி மலையில், கோத்தகிரி தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

பள்ளிக்குப் பின்பக்கம் ஒரு மூங்கில் வேலி. அதன் மேல் ஒரு கொடி அடர்ந்து கிடக்கும். ரோஸ் நிறத்தில் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளத்துக்குக் குழல், அதன் நுனியில் விரிந்த இதழ்கள். காய் சின்ன வாழைப்பழம் போல நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். உள்ளே மாதுளை முத்து மாதிரி ஆரஞ்சு நிறச் சதையோடு விதைகள். கடையில் விற்கும் உருண்டையான ஊதாப் பழத்தைத் தாட்பூட் பழம் என்பார்கள். இதுவும் அதன் சொந்தம்தான் என்பதால் பிள்ளைகள் இதையும் தாட்பூட் என்றே சொல்வார்கள். மதிய மணி அடிக்கும் முன்பே பாதி வேலி காலியாகிவிடும்.

1991-ல் ஒரு நாள். நான்காம் வகுப்புக்குச் சூழ்நிலையியலில் பறவைகள் பாடம். புத்தகத்தைப் படித்துக் காட்டுவதைவிட நேரில் காட்டலாமே என்று பிள்ளைகளை வேலிப் பக்கம் அழைத்துப் போனேன். நல்ல நேரம், கருநீலமாக மின்னிக்கொண்டு ஒரு சின்னப் பறவை அந்தக் கொடிக்கு வந்தது. எப்போதோ ஒரு வார இதழில் படித்த துணுக்கு எனக்கு ஞாபகம் வந்தது. பெருமையாகச் சொன்னேன்: "பார்த்தீங்களா, இதுதான் ஹம்மிங் பேர்ட். உலகத்திலேயே ரொம்பச் சின்னப் பறவை. பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னுகிட்டே தேன் குடிக்கும்."

கடைசி வரிசையில் நின்ற ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். ஒன்பது வயசு இருக்கும். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர்.

"டீச்சர், அது அந்தரத்துல நிக்கலையே. கொடியில உட்கார்ந்துகிட்டுத்தான் இருக்கு. பூவுக்குள்ள வாயே வைக்கல. பூவோட அடியில குத்தித் தேனை எடுக்குது. திருடுற மாதிரி இருக்கு."

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் பறவை பூவின் வாய்ப்பக்கம் போகவே இல்லை. காம்பை ஒட்டிய இடத்தில் அலகால் துளை போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவள் அத்தோடு விடவில்லை. "அப்போ பூ எதுக்கு டீச்சர் இவ்வளவு நீளமா இருக்கு? எந்தப் பறவைக்கு இவ்வளவு நீளமா வாய் இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மதியம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வேறு. பதிவேடுகள் பாக்கி. இதெல்லாம் இப்போது நான் சொல்லிக்கொள்ளும் சாக்கு. உண்மை என்னவென்றால், நாற்பது பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "உனக்கு வாய் ரொம்ப நீளம். போய் வெளிய நில்லு" என்றேன். பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் அந்தப் பாடவேளை முழுக்கத் தாழ்வாரத்தில் நின்றாள்.

அன்று சாயங்காலமே நான் அதை மறந்துவிட்டேன். அப்புறம் மாறுதல், பதவி உயர்வு, வேறு பள்ளிகள். 2017-ல் ஓய்வு. மலை பழகிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டேன்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் "டீச்சர்!" என்று ஒரு குரல். நாற்பது வயசு தாண்டிய பெண். முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவளேதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலையாம். அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். பெரிய மகள் காலேஜ் படிக்கிறாளாம். எட்டாவதோடு தன் படிப்பு நின்றதை அவளே சொன்னாள்.

பேச்சுவாக்கில் நான், "சின்ன வயசுல நீ எத்தனை கேள்வி கேட்பே!" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா டீச்சர். அந்தத் தாட்பூட் பூவைப் பத்திக் கேட்டு வெளிய நின்னேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் கேக்குறதையே விட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. பழைய நாளைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு போலத்தான் சொன்னாள். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான்தான் அங்கேயே சிமென்ட் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பேரனின் உதவியோடு தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் படித்தேன், படம் பார்த்தேன், நோட்டில் குறித்துக்கொண்டேன். அவள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையின் மேகக் காட்டுக்குள் இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதல் திருத்தம். அன்று வேலியில் நாங்கள் பார்த்தது ஹம்மிங் பேர்ட் அல்ல, ஊதாத் தேன்சிட்டு. ஹம்மிங் பேர்டைத் தமிழில் ரீங்காரச் சிட்டு என்றும் ஓசனிச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். அது நீலகிரியில் இல்லை, இந்தியாவில் இல்லை, ஆசியாவிலேயே இல்லை. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே சிலி, அர்ஜென்டினாவின் முனை வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. ஏறக்குறைய 360 இனங்கள். வாட்ஸ்அப்பில் "நம்ம ஊர் ஹம்மிங் பேர்ட்" என்று வரும் படங்களில் இருப்பது எல்லாம் தேன்சிட்டுதான். நானே பலமுறை அப்படிப் பகிர்ந்திருக்கிறேன்.

இரண்டும் சின்னவை, இரண்டும் மின்னும், இரண்டுக்கும் தேன் வேண்டும். ஆனால் உறவு கிடையாது. தேன்சிட்டு, நம் சிட்டுக்குருவியும் காக்கையும் இருக்கும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ரீங்காரச் சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன். சாயங்காலம் பனைமரத்தைச் சுற்றி அரிவாள் போன்ற சிறகோடு வட்டமடிக்குமே, அதேதான். ஒரே தொழில் செய்கிறவர்களின் கை ஒரே மாதிரி காய்த்துப் போவது போல, ஒரே மாதிரி உணவு தேடியதால் இரண்டுக்கும் ஒரே மாதிரி உருவம் வந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் படித்தேன். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ரீங்காரச் சிட்டின் புதைபடிவங்கள் ஜெர்மனியில் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் கடலுக்கு இந்தப் பக்கமும் இருந்தவைதான். பிறகு இங்கே அற்றுப்போய்விட்டன.

இரண்டாம் திருத்தம். உலகத்திலேயே சின்னப் பறவை ரீங்காரச் சிட்டுக் குடும்பத்தில் இருப்பது நிஜம். ஆனால் அது ஓர் இனம் மட்டும். கியூபா தீவில் இருக்கும் தேனீச் சிட்டு. எடை சுமார் 2 கிராம், அதாவது கால் பவுன். அந்தரத்தில் நிற்பதும் நிஜம். சிறகைத் தோளிலிருந்து திருப்பி, படுக்க வைத்த 8 போல வீசுவதால் முன்னே வீசும்போதும் பின்னே வீசும்போதும் உடலைத் தூக்கிப் பிடிக்க முடிகிறது. பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டும் சில நொடிகள் அப்படி நிற்கப் பார்க்கும், ஆனால் கிளையோ காம்போ கிடைத்தால் உட்கார்ந்துவிடும். அந்தச் சிறுமி கவனித்தது அதைத்தான்.

இப்போது அவளுடைய பெரிய கேள்விக்கு வருகிறேன். பூ எதற்கு இவ்வளவு நீளம்? எந்தப் பறவைக்கு?

எங்கள் பள்ளி வேலியில் இருந்த கொடியின் பூர்வீகம் ஆண்டிஸ் மலை. கொலம்பியாவில் அதன் பழத்தைக் குருபா என்கிறார்கள், எக்குவடோரில் தக்ஸோ. தோட்டச் செடியாக உலகத்தின் குளிர் மலைகளுக்கெல்லாம் போய், நம் நீலகிரியிலும் வேலி தாண்டிப் படர்ந்துவிட்டது. இந்தக் கொடி சேர்ந்திருக்கும் கூட்டத்தில், நீளக் குழல் பூ கொண்ட இனங்கள் ஆண்டிஸில் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. அந்த நீளக் குழல்கள் ஒரே ஒரு பறவையை நம்பி உருவானவை.

அந்தப் பறவையின் அறிவியல் பெயர் என்சிஃபெரா என்சிஃபெரா. வாள் ஏந்தியது என்று பொருள். நான் அதற்கு வாளலகுச் சிட்டு என்று பெயர் வைத்துக்கொண்டேன். எடை 10 முதல் 15 கிராம், ஒன்றரைப் பவுன் சங்கிலி அளவு. அலகு மட்டும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து, மூன்றில் இரண்டு பங்கை விரலால் பிடித்துப் பாருங்கள். அந்த நீள அலகு, கைக்குள் அடங்கும் ஒரு பறவைக்கு! வாலை விட்டுவிட்டால், உடலைவிட அலகு நீளமாக உள்ள பறவை உலகத்திலேயே இது ஒன்றுதான்.

முதல் தடவை அதன் படத்தைப் பார்த்தபோது, யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டி வைத்த படம் என்றே நினைத்தேன். பேரன்தான் வீடியோ காட்டினான். கிளையில் உட்காரும்போது அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொள்கிறது. நேராக நீட்டினால் பாரம் முன்னால் இழுக்கும். மற்ற பறவைகள் அலகால் சிறகு கோதும். இதற்கு எட்டாது. அதனால் காலால் சொறிந்து சொறிந்து இறகைச் சரிசெய்கிறது. பறக்கும் பூச்சியைப் பிடிக்க அந்த நீள அலகைத் திறந்துகொண்டே பாய்கிறது. ஒரு வசதிக்காக எத்தனை அசௌகரியத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!

பூ தலைகீழாகத் தொங்கும். வாளலகுச் சிட்டு அதற்குக் கீழே அந்தரத்தில் நின்று, அலகை மேல்நோக்கிக் குழலுக்குள் செலுத்தும். தேன் குழலின் கடைசியில், காம்புப் பக்கம் இருக்கும். அலகு முழுக்க உள்ளே போகும்போது பறவையின் தலைப்பக்கம் மகரந்தத்தில் உரசும். அந்தத் தூளோடு அடுத்த கொடிக்குப் போகும். ஒரே இடத்தைக் காவல் காத்துச் சண்டை போடும் சிட்டுகளும் உண்டு, இது அந்த ரகம் இல்லை. காலையில் பால்காரர் வீடு வீடாகப் போவது போல, காட்டுக்குள் தூரம் தூரமாகப் பூத்திருக்கும் கொடிகளை வரிசையாகச் சுற்றி வரும். அதனால் மகரந்தமும் தூரம் போகிறது.

நீளம் எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, நிதானமாகச் சொல்கிறேன். குழல் சிறியதாக இருந்தால், பறவை தூரத்தில் நின்றே தேனைக் குடித்துவிட்டுப் போகும், தலை மகரந்தத்தில் படாது. குழல் கொஞ்சம் நீளமான பூவில் பறவை முட்டி முட்டிக் குடிக்க வேண்டும், தலை நன்றாகப் படும். ஆகவே அந்தப் பூவுக்கு விதை அதிகம். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் குழல் நீள்கிறது. குழல் நீண்டால், அலகு நீண்ட பறவைக்குத்தான் வயிறு நிறையும். ஆகவே அலகும் நீள்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளாக நடந்திருக்கும் போட்டி இது. யாரும் திட்டம் போடவில்லை. பூ பறவையை இழுக்க, பறவை பூவை இழுக்க, இரண்டும் இவ்வளவு தூரம் வந்துவிட்டன.

இதன் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. பாசிஃப்ளோரா மிக்ஸ்டா என்ற காட்டுத் தாட்பூட் கொடியைப் பற்றி எக்குவடோர் மலையில் செய்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. அந்தக் கொடிக்கு மகரந்தம் கொண்டு சேர்க்கும் ஒரே ஜீவன் வாளலகுச் சிட்டு என்று அந்த ஆய்வு சொல்கிறது. அந்தப் பறவை வராத காட்டில் பூ பூக்கும், வாடும், உதிரும். காய் இல்லை. எல்லாக் கொடிகளும் அப்படியே மாட்டிக்கொள்ளவும் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே சில இனங்கள் காலப்போக்கில் வௌவாலுக்கும், அலகு குட்டையான வேறு சிட்டுகளுக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன.

சரி, அவள் சொன்ன திருட்டு? அதுவும் நிஜம். பூவின் வாய் வழியாகப் போகாமல், மகரந்தம் சுமக்காமல், அடியில் துளையிட்டுத் தேன் எடுப்பதை விஞ்ஞானிகளும் தேன் திருட்டு என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டிஸிலும் திருடர்கள் உண்டு. பூத்துளைப்பான் என்று ஒரு பறவை, அலகு நுனியில் கொக்கி வைத்திருக்கும். பூவைக் கொக்கியால் பிடித்துக்கொண்டு துளை போடும். ஒன்பது வயசுப் பிள்ளை வெறும் கண்ணால் பார்த்து, பொருத்தமான சொல்லையும் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். நான் அவளை வெளியே நிறுத்தினேன்.

இந்தச் சிட்டு வாழும் காட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாடம் பாதிதான். வெனிசுலாவிலிருந்து கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா வரை, பெரும்பாலும் 2,400 மீட்டருக்கு மேல் உள்ள மலைக்காடுகள்தான் அதன் வீடு. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நம் மலையின் உச்சி முடியும் உயரத்தில்தான் அதன் ஊர் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து நிற்கும். மரங்கள் உயரமாக வளராது, முறுக்கிக்கொண்டு குட்டையாக நிற்கும். கிளை தெரியாத அளவுக்குப் பாசி, பெரணி, ஆர்க்கிட் மூடியிருக்கும். மழை பெய்யாத நாளிலும் இலை நுனியில் தண்ணீர் சொட்டும், மேகத்தையே வடிகட்டி எடுத்த தண்ணீர்.

படித்துக்கொண்டே வந்தபோது, இது நம் சோலைக்காடு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. நம் மலையில் சோலையை ஒட்டிப் புல்வெளி இருப்பது போல, அங்கே மேகக் காட்டுக்கு மேலே பாராமோ என்ற புல்வெளி. பஞ்சு மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் குடிதண்ணீரில் பெரும்பகுதி சிங்காசா என்ற பாராமோவிலிருந்து வருகிறது. நம் புல்வெளியும் சோலையும் சேர்ந்து கீழே ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தான்.

ராத்திரிக் குளிர் பயங்கரம். ஒன்றிரண்டு பவுன் எடையுள்ள உடம்பு எப்படித் தாங்கும்? மலையில் வாழும் பல ரீங்காரச் சிட்டுகள் இரவில் உடலை அணைத்தே வைத்துவிடுகின்றன. இதயத் துடிப்பும் உடல் சூடும் இறங்கிவிடும். செத்தது போலக் கிளையில் இருக்கும். பெருவில் 3,800 மீட்டர் உயரத்தில் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. அதில் ஒரு கருஞ்சிட்டின் உடல் சூடு ராத்திரியில் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது. விடியும்போது உடம்பை உதறி உதறிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி பூவுக்குப் புறப்படும். ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில், ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த எங்கள் பிள்ளைகள் ஞாபகம் எனக்கு வந்தது.

நம் மலையில் நடந்ததே அங்கேயும் நடக்கிறது. சோலையை வெட்டித் தேயிலை போட்டோம், புல்வெளியில் சீகை மரமும் கற்பூர மரமும் வைத்தோம். அங்கே மாட்டுக்கு மேய்ச்சல் நிலம், உருளைக்கிழங்குக் காடு, அடுப்புக்கரி. கற்பூர மரம் அங்கேயும் போயிருக்கிறது. வாளலகுச் சிட்டு இப்போதைக்கு அழிவுப் பட்டியலில் ஆபத்தான இடத்தில் இல்லை, பல நாடுகளில் பரந்து வாழ்வதால் தப்பித்திருக்கிறது. ஆனால் காடு துண்டு துண்டானால், நீளமாகச் சுற்றி வரும் அதன் பால்காரப் பாதை அறுந்துபோகும். உலகம் சூடாகச் சூடாக, குளிர் தேடிக் காடும் பறவையும் மேலே ஏற வேண்டியிருக்கும். உச்சிக்கு மேல் ஏற இடம் ஏது?

நல்ல செய்தியும் உண்டு. எக்குவடோர் தலைநகர் கீட்டோவுக்குப் பக்கத்தில் பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் யானக்கோச்சா என்ற காட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாங்கிப் பாதுகாக்கிறது. வாளலகுச் சிட்டை அங்கே பார்க்கலாம். காலில் வெள்ளைப் பஞ்சு கட்டியது போன்ற இன்னொரு கருப்புச் சிட்டுக்காகவே அந்தக் காட்டைக் காப்பாற்றினார்கள். அந்த எரிமலைப் பக்கத்தை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் அதிகமில்லை. கீட்டோ நகரம் அதைத் தன் அடையாளப் பறவையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

படித்ததில் என்னை ரொம்பத் தைத்த விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 1862-ல் சார்லஸ் டார்வினுக்கு மடகாஸ்கர் தீவு ஆர்க்கிட் ஒன்று கிடைத்தது. அதன் தேன் குழல் ஏறக்குறைய ஓர் அடி நீளம். "இவ்வளவு நீளம் எதற்கு? எந்தப் பூச்சிக்கு இவ்வளவு நீள நாக்கு இருக்கும்?" என்று அவர் யோசித்தார். அப்படி ஒரு விட்டில்பூச்சி இருந்தே தீர வேண்டும் என்று எழுதினார். நம்பாதவர்கள் இருந்தார்கள். 1903-ல், அவர் இறந்து இருபது வருஷம் ஆன பிறகு, அந்த நீள நாக்குப் பூச்சியை அறிஞர்கள் அறிவித்தார்கள்.

பூவின் நீளத்தைப் பார்த்து, காணாத ஒரு ஜீவனைப் பற்றி டார்வின் கேட்ட அதே கேள்வியைத்தான் என் மாணவி கேட்டாள். டார்வினைப் படிக்காமல், மூங்கில் வேலி முன்னால், கிழிந்த பாவாடையோடு நின்று கேட்டாள். அவளுக்கு நான் கொடுத்த பதில், "வாய் நீளம், வெளிய நில்லு."

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு லீவு நாள் என்று பார்த்துப் போன் செய்தேன். "உனக்கு ஒரு பதில் பாக்கி வெச்சிருக்கேன்மா" என்று ஆரம்பித்து, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அன்று வெளியே நிறுத்தியது என் தப்பு, மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன். "ஐயோ, என்ன டீச்சர், நீங்க போய்…" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நம்ம வேலிக்கு அந்தப் பறவை வரவே வராதா டீச்சர்?"

"வராதும்மா. கடல் தாண்டி ரொம்பத் தூரம்."

"அப்புறம் எப்படி நம்ம கொடியில அவ்வளவு காய் காய்ச்சுது?"

பாருங்கள், நான் இரண்டு மாதம் படித்தேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை! இந்தத் தடவை நான் சொன்னேன்: "எனக்குத் தெரியலம்மா. படிச்சுட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான். இந்தச் சின்ன வாக்கியம்தான். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்கு, ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்துத்தான் வாயில் வந்தது. சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை.

படித்துப் பார்த்தேன். பழத்துக்காக மனிதர்கள் வளர்த்த வகைகள் தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும் தன்மை உள்ளவையாம். அதனால்தான் தன் பறவை இல்லாத நாட்டிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. நம் தேன்சிட்டு திருடினாலும் காய் நிற்கவில்லை. காட்டிலேயே இருக்கும் சொந்தக் கொடிகளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. இதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு, ஷிப்ட் முடிந்து பதில் வந்தது. நன்றி டீச்சர் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "என் பொண்ணு கேக்குறா, அந்தப் பறவை குஞ்சா இருக்கும்போதே வாய் அவ்வளவு நீளமா இருக்குமா?"

அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பணியில் இருக்கும் தம்பி, தங்கை ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும். கையைத் தூக்கும் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் வேலிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

எங்கள் பழைய பள்ளியின் மூங்கில் வேலி இப்போது இல்லை, காம்பவுண்ட் சுவர் கட்டிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் அந்தக் கொடி இன்னும் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூத்திருக்கிறது. தேன்சிட்டு அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தது.